‘நல்ல படம்தான், ஆனால் என் படம்’: சுட்டதா, மரியாதையா?

வெண்திரை எழுதியது:

ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961), இத்தாலி இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964). இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த சூட்டோடு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஓர் ஊரை இரண்டு கோஷ்டிகள் நாசம் செய்துகொண்டிருக்கின்றன. பேர் ஊர் தெரியாத ஒருத்தன் வந்து சேருகிறான். இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டு இரண்டையும் மோதவிடுகிறான். அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் புருஷன், பிள்ளையோடு சேர்த்துத் தப்பவிடுகிறான். அந்த ஒரு நல்ல காரியத்தாலேயே மாட்டிக்கொண்டு குற்றுயிராக அடி வாங்குகிறான். சவப்பெட்டிக்குள் படுத்துத் தப்பித்து, உடம்பு தேறித் திரும்பி வந்து கணக்கை முடிக்கிறான். இதில் எந்தப் படத்தின் கதையைச் சொல்கிறாய் என்று கேட்டால், இரண்டுக்கும் இதேதான். ஒன்றில் வாள், இன்னொன்றில் துப்பாக்கி.

லியோனி அனுமதி வாங்கவில்லை. டைட்டிலில் குரோசாவா பெயரும் இல்லை. படம் ஓடியதும் யோஜிம்போவை எடுத்த டோஹோ நிறுவனம் வழக்குக்குப் போனது. ‘நல்ல படம்தான், ஆனால் என் படம்’ என்ற பொருளில் குரோசாவா லியோனிக்குக் கடிதம் எழுதினார் என்பது சினிமா உலகில் வெகு பிரபலம். கடைசியில் சமரசம்: உலக வசூலில் 15 சதவீதம், ஜப்பான், தைவான், தென்கொரியா விநியோக உரிமை எல்லாம் ஜப்பான்காரர்கள் பக்கம் போயின. அமெரிக்காவில் படம் வெளியாக 1967 ஆகிவிட்டது.

ஆக, திருட்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் கிளின்ட் ஈஸ்ட்வுட் இல்லை, மோரிகோனியின் அந்த விசில் இசை இல்லை, ஸ்பாகெட்டி வெஸ்டர்ன் (இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்கள்) என்று ஒரு வகையே இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. இதை எந்தக் கணக்கில் வைப்பது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஈயடிச்சான் காப்பி. கேஸ் போட்ட பிறகுதான் பணமே வந்தது. மரியாதை செலுத்துகிறவன் முதலிலேயே போன் போட்டிருப்பான்.

1960-இல் ஜான் ஸ்டர்ஜஸ் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ எடுத்தார். அதுவும் குரோசாவா கதைதான், ‘செவன் சாமுராய்’. முறையாக உரிமை வாங்கி, டைட்டிலிலேயே போட்டார்கள். அது நடந்து நான்கு வருடம் கழித்து, வழி தெரியவில்லை என்று லியோனி சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து: அந்தப் படத்தில் லியோனி தன் பெயரையே போடவில்லை. பாப் ராபர்ட்சன் என்று ஓர் அமெரிக்கப் பெயர். மோரிகோனி, டான் சேவியோ ஆகிவிட்டார். வில்லனாக நடித்த வொலொன்டே, ஜானி வெல்ஸ். இத்தாலிக்காரர்கள் ஸ்பெயினில் எடுத்த ஜப்பான் கதையை அமெரிக்கப் படம் என்று நம்பவைத்து டிக்கெட் விற்றிருக்கிறார்கள். கில்லாடிகள்தான், ஒப்புக்கொள்கிறேன்.


பின்வரிசை எழுதியது:

டூரிங் டாக்கீஸ் சார், கொஞ்சம் பொறுங்கள். குரோசாவா மட்டும் வானத்திலிருந்து இறக்கினாரா?

டாஷியல் ஹாமெட் 1929-இல் எழுதிய ‘ரெட் ஹார்வெஸ்ட்’ நாவலைப் படியுங்கள். கோஷ்டிகள் ஆளும் ஊர். பெயர் சொல்லப்படாத ஒரு துப்பறிவாளன் வருகிறான். ஒருத்தனை இன்னொருத்தன் மேல் ஏவிவிட்டு ஊரையே காலி செய்கிறான். குரோசாவா வெளிப்படையாகச் சொன்னது அதே ஹாமெட்டின் இன்னொரு நாவலிலிருந்து எடுத்த ‘தி கிளாஸ் கீ’ (1942) படத்தை. அதில் நாயகன் அடிபட்டுக் கிடந்து தப்பிக்கும் பகுதியைப் பார்த்தால் யோஜிம்போவில் வருவது எங்கிருந்து வந்தது என்று புரியும். லியோனி தரப்பு இன்னும் பின்னால் போய், 18-ஆம் நூற்றாண்டு இத்தாலி நாடகக்காரர் கோல்டோனியின் இரண்டு எஜமானர்களுக்கு ஒரே வேலைக்காரன் கதையைக் காட்டியது.

அப்புறம் குரோசாவாவே அமெரிக்க வெஸ்டர்ன் இயக்குநர் ஜான் ஃபோர்டின் பரம ரசிகர். அமெரிக்க வெஸ்டர்னைப் பார்த்து ஜப்பானில் சாமுராய் படம், அதைப் பார்த்து இத்தாலியில் வெஸ்டர்ன். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து ‘திருடன்’ என்பீர்கள்?


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

நாவலிலிருந்து ‘இரண்டு கோஷ்டி, நடுவில் ஒருத்தன்’ என்ற ஒருவரிக் கதையை எடுப்பது வேறு. ஒரு படத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, சீன் ஆர்டரோடு எடுப்பது வேறு. ஹாமெட் நாவலில் சவப்பெட்டிக்காரர் உண்டா? அறிவுரை சொல்லும் கடைக்காரக் கிழவர் உண்டா? பிரித்துவைத்த குடும்பம் உண்டா? குரோசாவா படத்தில் உண்டு. லியோனி படத்தில் எல்லாமே, அதே வரிசையில் உண்டு.


வெண்திரை எழுதியது:

சவப்பெட்டி என்று வந்துவிட்டதால் அந்த ஒரு சீனை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் சொல்ல வந்தது அதில்தான் இருக்கிறது.

யோஜிம்போவில் நாயகன் சன்ஜுரோ ஊர் ரவுடிகளை வம்புக்கு இழுக்கிறான். வாள் உருவியது தெரிவதற்குள் இரண்டு பேர் காலி, ஒருத்தனுக்குக் கை போய்விட்டது. திரும்பி நடக்கும்போது சவப்பெட்டி செய்பவரிடம், ‘ரெண்டு பெட்டி... மூணாகவும் இருக்கலாம்’ என்கிறான். மூன்றாவது ஆள் பிழைப்பானா என்று அவனுக்கே உறுதியில்லை. தோள்பட்டையைக் குலுக்கிக்கொண்டு போகிறான். வறண்ட, குரூரமான நகைச்சுவை.

லியோனி அதையே உடைத்து இரண்டாக்குகிறார். ஈஸ்ட்வுட் சண்டைக்குப் போகும்போதே ‘மூணு பெட்டி தயார் பண்ணு’ என்கிறான். போய், நான்கு பேரைச் சுடுகிறான். திரும்பி வரும்போது, ‘தப்பாச் சொல்லிட்டேன், நாலு பெட்டி.’

வசனம் சண்டைக்கு முன்னால் வந்ததும் அது சவால் ஆகிவிட்டது. பின்னால் வரும் திருத்தம் விசிலுக்கு. நம் ஊர் தியேட்டரில் முப்பது நாற்பது வருடமாகக் கைத்தட்டல் வாங்கும் பஞ்ச் டயலாக்கின் இலக்கணமே இதுதான்: முன்கூட்டிச் சொல், செய், திரும்பி வந்து ஒரு படி ஏற்றிச் சொல். குரோசாவாவின் நாயகனுக்குத் தன்னைப் பற்றியே ஓர் எகத்தாளம் உண்டு. லியோனியின் நாயகனுக்கு அது கிடையாது, அவன் சூப்பர்ஸ்டார்.

கடைசிச் சண்டையும் அப்படியே. யோஜிம்போவில் எல்லோரிடமும் வாள், ஒரே ஒருத்தனிடம் மட்டும் கைத்துப்பாக்கி. அதை எதிர்க்கக் கத்தியைத் தூக்கி எறிகிறான் சன்ஜுரோ. காற்றில் பறக்கும் காய்ந்த இலையைக் கத்தியால் குத்தி நிறுத்தும் பயிற்சியை முன்பே காட்டிவிடுகிறார் குரோசாவா. லியோனி ஊரில் எல்லோரிடமும் துப்பாக்கி. அதனால் கைத்துப்பாக்கிக்கு எதிராக ரைஃபிள், நாயகன் நெஞ்சில் இரும்புத் தகடு. கதை கடன்தான். ஆனால் இடம் மாறியதால் எழுந்த சிக்கலுக்கு விடையை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதனால் என் கட்சி இது. திருட்டா என்ற கேள்விக்குப் பதில் டைட்டில் கார்டிலும் செக் புத்தகத்திலும் இருக்கிறது. நல்ல படமா என்ற கேள்விக்குப் பதில் திரையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கேள்வி ஆக்குவதால்தான் ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை முடியாமல் போகிறது.


மாடி வீட்டு வக்கீல் எழுதியது:

சட்டமும் கிட்டத்தட்ட வெண்திரை சொல்வது மாதிரிதான் பிரிக்கிறது. இந்தியாவில் இதற்கு அடிப்படைத் தீர்ப்பு 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. தன் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்று படமாக எடுத்துவிட்டார்கள் என்று நாடக ஆசிரியர் வழக்குப் போட்டார். தோற்றுப்போனார். கருத்துக்கும் கருவுக்கும் கதைப்போக்குக்கும் காப்புரிமை இல்லை. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரணப் பார்வையாளருக்கு ‘இது அதன் நகல்’ என்று ஐயமின்றித் தோன்றினால்தான் மீறல்.

இந்த அளவுகோலை வைத்தால் யோஜிம்போ தப்பிக்கும், லியோனி மாட்டுவார். வழக்கு அங்கே தீர்ப்பு வரை போகவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று. அனுமதி வாங்கியதாலேயே கலை வந்துவிடாது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) கஸ் வான் சான்ட் 1998-இல் முறைப்படி உரிமை வாங்கி, ஏறக்குறைய ஷாட் மாறாமல் எடுத்தார். சட்டப்படி சுத்தத்திலும் சுத்தம். யாராவது அதை இரண்டாவது முறை பார்த்திருக்கிறீர்களா?


சிம்மக்கல் எழுதியது:

அய்யா, ஜப்பான் இத்தாலி எல்லாம் சரி. நம்ம ஆட்கள் கதைக்கு வாங்க.

‘நாயகன்’ (1987). வரதராஜ முதலியார் வாழ்க்கையை வைத்தது என்பார்கள், ‘காட்ஃபாதர்’ (1972) என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. பி.சி. ஸ்ரீராம் தலைக்கு மேலிருந்து விழவைக்கும் வெளிச்சத்தைப் பார்த்தாலே காட்ஃபாதர் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் ஞாபகம் வரும். மகன் பிணத்தைப் பார்க்கும் சீன் நேராக அங்கிருந்து வந்தது. ஆனால் பிராண்டோ அங்கே அழுகையை விழுங்குவார், முகம் மட்டும் லேசாகத் துடிக்கும். கமல் விழுங்கவில்லை. உடைந்து, குரல் கிழிந்து, பார்க்கவே சங்கடமாக அழுவார். மிமிக்ரிக்காரர்கள் இன்றைக்கும் மேடையில் செய்வது அந்த அழுகையைத்தான். எடுத்த இடம் காட்ஃபாதர், அழுத விதம் எழவு வீட்டில் நாம் பார்த்தது.

‘கஜினி’யும் (2005) அப்படித்தான். பச்சை குத்திய உடம்பு, போலராய்டு போட்டோ, ஞாபக மறதி எல்லாம் ‘மெமென்டோ’விலிருந்து (2000) வந்தவை. ஆனால் படம் பார்த்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள், கல்பனா என்பார்கள். நோலன் படத்தில் கல்பனாவே கிடையாது. நோலன் படத்தின் உயிர் பின்னாலிருந்து முன்னால் வரும் கதை சொல்லும் முறை. அதை இவர்கள் தொடவே இல்லை. உயிரை விட்டுவிட்டு உடம்பை எடுத்து, அதற்கு வேறு உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக டைட்டிலில் ஒரு வரி நன்றி போடாததை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு வரி எவ்வளவு சுலபம் என்று எங்க ஊருக்குத் தெரியும். அனுராக் காஷ்யப் ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ (2012) படத்தில் பாலா, அமீர், சசிகுமார் மூன்று பேரையும் மதுரை மூவர் என்று குறிப்பிட்டு, தன் வேர்களைப் பார்க்கத் தூண்டியவர்கள் என்று கார்டு போட்டார். அதில் அவர் படத்துக்கு என்ன குறைந்துபோனது? இங்கே எங்களுக்குக் காலர் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது.


பின்வரிசை எழுதியது:

ராம் கோபால் வர்மாவும் ‘சர்க்கார்’ (2005) தொடக்கத்திலேயே இது காட்ஃபாதருக்கு என் மரியாதை என்று போட்டுவிட்டார். அதன் பிறகு யாரும் அவரைச் சுட்டவர் என்று சொல்லவில்லை, காட்ஃபாதரை ஒழுங்காக எடுத்தாரா என்றுதான் பேசினார்கள். கார்டு போட்டால் விவாதமே மாறிவிடுகிறது.


பாப்கார்ன் பாண்டி எழுதியது:

எல்லாரும் ‘பாரசைட்’டை மறந்துட்டீங்களே! அது நம்ம ‘மின்சார கண்ணா’ (1999) கதைதான்னு தயாரிப்பாளர் 2020-ல கேஸ் போடப்போறேன்னு சொன்னாரே. ஆஸ்கர்ல பாதி நமக்கு வரணும் ப்ரோ.


மாடி வீட்டு வக்கீல் எழுதியது:

பாண்டி, ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பைப் படித்துவிட்டு வாங்க. ஒரு குடும்பமே அடையாளத்தை மறைத்துப் பணக்கார வீட்டில் வேலைக்குச் சேருவது ஒருவரிக் கதை. அதை வைத்து ஒருவர் டூயட் பாடினார், இன்னொருவர் நிலவறையைத் திறந்து காட்டினார்.


அறை எண் 12 எழுதியது:

இங்கே பேசுவதெல்லாம் படம் பார்த்தவர்கள் பக்கம். எடுக்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருடங்கள் உதவி இயக்குநராக இருந்தவன். யார் என்று கேட்காதீர்கள்.

கதை டிஸ்கஷன் என்று வடபழனிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் போடுவார்கள். டீ, பன், சிகரெட் புகை, நடுவில் ஒரு டிவி. பர்மா பஜாரிலிருந்து கட்டுக்கட்டாக டிவிடி வரும். கொரியா, ஸ்பெயின், ஈரான், எதுவாக இருந்தாலும் சரி, தமிழ்நாட்டில் யாரும் பார்த்திருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் தகுதி. ரிமோட் டைரக்டர் கையில். நிறுத்துவார். ‘இந்த சீன் அப்படியே. அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போறா பாரு, அதுக்கு மட்டும் நம்ம ஊர் அம்மா ஒருத்தி வேணும்.’ நாங்கள் நோட்டில் நிமிடக் கணக்கு எழுதுவோம். ஒருமுறை நான், அந்த ஊரில் அவள் ஏன் போலீசிடம் போகவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, நம் கதையில் இல்லையே என்று கேட்டேன். மறுநாளிலிருந்து டிஸ்கஷனுக்குக் கூப்பிடவில்லை. ஷூட்டிங்கில் கிளாப் அடிக்கத்தான் கூப்பிட்டார்கள்.

டூரிங் டாக்கீஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு அந்த ரூமிலேயே பதில் இருக்கிறது. மரியாதை செய்கிறவனுக்கு, மூலப்படத்தை ஊரே பார்த்திருக்க வேண்டும் என்று ஆசை. பார்த்தவன் சிரித்தால்தான் அவன் செய்தது செல்லும். எங்கள் டைரக்டருக்கு யாராவது பார்த்திருப்பார்களோ என்று பயம். இப்போது எல்லாப் படமும் ஓடிடியில் தமிழ் டப்பிங்கோடு கிடப்பதால் அந்த டிவிடிகளுக்கு மதிப்பில்லை. சிலர் நிஜமாகவே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், அது லாபம்.


வெண்திரை எழுதியது:

அறை எண் 12, நீங்கள் சொன்னதை லியோனியை வைத்தே நிரூபிக்கலாம். அதே ஆள் நான்கு வருடம் கழித்து எடுத்தது ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968). கதைக்காக பெர்ட்டொலுச்சி, அர்ஜெண்டோ இருவரோடு உட்கார்ந்து, பழைய வெஸ்டர்ன்களைப் போட்டுப் பார்த்துப் பேசியே உருவாக்கிய படம். அதுவும் ஒரு வகை டிஸ்கஷன் ரூம்தான்.

தொடக்கக் காட்சி: ரயில் நிலையத்தில் மூன்று பேர் ஒருத்தனைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். வெஸ்டர்ன் ரசிகர்களுக்கு உடனே ‘ஹை நூன்’ (1952) ஞாபகம் வந்துவிடும், அங்கேயும் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். லியோனி அதை மறைக்கவில்லை, இழுக்கிறார். காற்றாலை கிறீச்சிடுகிறது. ஒருத்தன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, தட்டிவிடாமல் தேக்கிவைத்து அப்புறம் குடிக்கிறான். இன்னொருத்தன் முகத்தில் ஈ உட்கார்ந்து படுத்துகிறது, அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த இருவர் வுடி ஸ்ட்ரோடும் ஜாக் எலாமும், பழைய வெஸ்டர்ன்களில் நமக்குப் பழகிய முகங்கள். ஃபோர்டின் நல்லவனாகவே இருந்த ஹென்றி ஃபோண்டாவைக் குழந்தையைச் சுடும் கொலைகாரனாக ஆக்கினார். மூலம் தெரிந்தவனுக்குத்தான் அந்த அதிர்ச்சி முழுசாக இறங்கும்.

தன் பெயரே போடாமல் 1964-இல் ஒளிந்துகொண்டு எடுத்தவர், 1968-இல் பழைய படங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். ஒரே ஆள்தான்.


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

குழந்தையைச் சுடும் சீன் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பயணம் தனிக்கதை.

ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956): தனியாக இருக்கும் ஒரு வீடு, மாலை, பறவைகள் திடீரென்று கிளம்புகின்றன. ஏதோ வரப்போகிறது என்று குடும்பத்துக்குப் புரிகிறது. கொலையைக் காட்டவே மாட்டார். லியோனி 1968-இல்: வீட்டு முற்றத்தில் விருந்துக்கான மேசை, சில்வண்டுச் சத்தம் சட்டென்று நிற்கிறது, பறவைகள் கிளம்புகின்றன, அப்புறம் குண்டுகள். மிச்சம் நிற்பது ஒரு சின்னப் பையன். ஃபோண்டா சுடும் சத்தம் அப்படியே ரயில் ஊதலாக மாறுகிறது. 1975-இல் ‘ஷோலே’: தாக்கூர் குடும்பம், கப்பர், கடைசியாக ஒரு சிறுவன், அடுத்த காட்சி ரயில். எழுதிய சலீம்-ஜாவேத், இயக்கிய சிப்பி யாரும் மறுக்க முடியாத அளவுக்கு நேரடி.

ஆனால் ஷோலேவில் விழுகிறவர்கள் ஒவ்வொருவரும் நடுவிலேயே உறைந்து நிற்பார்கள். ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து பரிசுப் பொட்டலங்களோடு வரும் தாக்கூர், வெள்ளைத் துணி போர்த்திய உடல்களைப் பார்ப்பார். காற்று துணியை விலக்கும். லியோனி படத்தில் இந்த வீடு திரும்புதல் இந்த வலியோடு இல்லை. நான் இன்னும் திருட்டு என்றுதான் சொல்வேன், ஆனால் அந்தத் துணி விலகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.


சிம்மக்கல் எழுதியது:

அண்ணே, இதைத்தானே அவர் மூன்று பதிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

இல்லை தம்பி. அவர் இரண்டும் தனித்தனிக் கேள்வி என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை அடைப்பதாலேயே பெயர் போட வேண்டிய கடமை கூடுகிறது. மட்டமான காப்பியால் மூலவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அது ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போய்விடும். நல்ல காப்பிதான் மூலத்தை மறைத்துவிடுகிறது. நம் ஊரில் ஷோலே பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு லியோனியைத் தெரியும்?


வெண்திரை எழுதியது:

இது நியாயமான பாயிண்ட். ‘நந்தலாலா’வை (2010) நினைத்துப் பார்க்கிறேன். ஜப்பான் இயக்குநர் கிடானோவின் ‘கிகுஜிரோ’ (1999) அடித்தளம் என்பது பார்த்தவுடனே தெரியும்: அம்மாவைத் தேடும் சிறுவன், துணைக்கு ஒரு வளர்ந்த ஆள். ஆனால் மிஷ்கினின் பாஸ்கர் மணி தன் அம்மாவைக் கண்டுபிடிக்கும் இடம், மொட்டைத் தலையோடு ரோகிணி, ராஜாவின் இசை, அதெல்லாம் கிடானோ போகாத தெரு. அவ்வளவு சொந்தமாகச் செய்ய முடிந்த படத்தில் ஒரு கார்டு போட்டிருந்தால் நாம் இத்தனை வருடமாக அந்த ரோகிணி சீனைப் பற்றி மட்டுமே பேசியிருப்போம். மரியாதை செலுத்தாததால் மூலவருக்கு ஆகும் நஷ்டத்தைச் சொன்னீர்கள். எடுத்தவருக்கும் நஷ்டம் உண்டு, அவர் சொந்தமாகச் செய்ததையும் யாரும் நம்புவதில்லை.

இதற்கு நேரெதிராக ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023). ரவுடி சீசர், கிளின்ட் ஈஸ்ட்வுட் வெறியன். இயக்குநர் வேஷம் போட்டு வருகிறவன், சத்யஜித் ரேயின் சீடன் என்று பீலா விடும் ரே தாசன். கடன் வாங்கிய இடத்தையே கார்த்திக் சுப்பராஜ் கதாபாத்திரம் ஆக்கிவிட்டார். யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.


பாப்கார்ன் பாண்டி எழுதியது:

ஒரு சந்தேகம். ‘கில் பில்’ அனிமேஷன் சண்டை நம்ம ‘ஆளவந்தான்’ பார்த்து வெச்சதுன்னு சொல்றாங்களே?


பின்வரிசை எழுதியது:

அனுராக் காஷ்யப் சொன்னதாகச் சுற்றும் செய்தி அது. ‘ஆளவந்தான்’ 2001, ‘கில் பில்’ 2003, தேதி இடிக்கவில்லை. டரன்டினோவிடம் கேட்டால் உலகத்தில் எல்லாப் படத்திலிருந்தும் எடுத்தேன் என்று சந்தோஷமாகச் சொல்லக்கூடியவர்தான். பாண்டி, நமக்கு நடந்தால் பெருமை, நாம் செய்தால் இன்ஸ்பிரேஷன், இதைக் கொஞ்சம் யோசிங்க.


பாப்கார்ன் பாண்டி எழுதியது:

ஓகே ஓகே. இதுல நான் ஒண்ணுமே பார்க்கல, ஷோலே தவிர. எந்த ஆர்டர்ல பார்க்கணும்?


வெண்திரை எழுதியது:

யோஜிம்போ முதலில். மறுநாளே டாலர்ஸ், இடைவெளி விடாதீர்கள், சவப்பெட்டி வசனம் காதில் இருக்க வேண்டும். அப்புறம் ஹை நூன், சர்ச்சர்ஸ் இரண்டையும் முடித்துவிட்டு ஒன்ஸ் அபான் எ டைம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, முதல் பத்து நிமிடம் கிட்டத்தட்டப் பேச்சே இருக்காது, போனை எடுக்காதீர்கள். ஷோலே கடைசியில், தாக்கூர் வீட்டு சீனை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

போதாது பாண்டி. ஷோலேவை முழுசா பார்.